கார்ட்டூன் படமும் கணக்கேடும்



நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் விரும்பிப் பார்க்கும் கார்ட்டூன் தொடர்கள் பல. 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின், 2011இல் வந்த போபோய்பாய் முதலியவை நம் நாட்டிலேயே தயாரானவை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கதை முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்தார்கள், அந்த உழைப்பெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக் கொள்ளாமல் எப்படி ஒரே படமாக வந்து சேர்ந்தது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்த உரையில் வரைவதைப் பற்றியோ வண்ணம் தீட்டுவதைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. கணக்கு வைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அசைவூட்டப் படங்களையும் வீடியோப் படங்களையும் தயாரிக்கும் கூடங்களில், எந்த வேலை எங்கே நிற்கிறது என்று காட்டும் கணினி மென்பொருள்கள் இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன, எதைச் செய்ய அவற்றால் முடியாது என்பதே இன்றைய பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் படம் ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை அசையாப் படங்கள். அவை ஒவ்வொன்றையும் பிரேம் என்பார்கள். திரைப்படத்தில் வினாடிக்கு 24 பிரேம்கள். பதினொரு நிமிடக் கதை என்றால் 660 வினாடி. ஆக, 15,840 பிரேம்கள். தொண்ணூறு நிமிடப் படமென்றால் 129,600 பிரேம்கள்.

ஆனால் தயாரிப்புக் கூடத்தில் பிரேம் கணக்கில் வேலையைப் பங்கிடுவதில்லை. ஷாட் கணக்கில்தான் பங்கிடுகிறார்கள். இடையில் வெட்டு விழாமல் தொடர்ந்து காட்டப்படும் ஒரு துண்டுக்கு ஷாட் என்று பெயர். சராசரியாக ஒரு ஷாட் நான்கு வினாடி என்று வைத்துக் கொண்டால், பதினொரு நிமிடக் கதையில் 165 ஷாட்கள் இருக்கும்.

ஒவ்வொரு ஷாட்டும் பல கைகள் மாறிப் போகிறது. கேமரா எங்கே, பாத்திரம் எங்கே என்று இடம் அமைப்பவர் ஒருவர். பாத்திரத்தை நடக்கவும் பேசவும் வைப்பவர் இன்னொருவர். மழை, புகை, துணியின் அசைவு இவற்றைச் சேர்ப்பவர் மற்றொருவர். பிறகு ஒளி அமைப்பவர். அதன்பின் கணினி ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாகக் கணித்துத் தரும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து மெருகு கொடுப்பவர். ஆக ஆறு படிகள். 165 ஷாட்களை ஆறால் பெருக்கினால் 990 வேலைகள். ஒரு தொடருக்கு 26 கதைகள் என்றால் 25,740 வேலைகள். கதை எழுதுவதும், ஸ்டோரிபோர்டு வரைவதும், பாத்திரங்களையும் வீடுகளையும் மரங்களையும் உருவாக்குவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இருபத்தையாயிரம் வேலைகளை எந்த மனிதராலும் நினைவில் வைத்துக் கொள்ள முடியாது. ஏதோ ஒரு கணக்கேடு வேண்டும்.

கையால் வரைந்த காலத்திலேயே அந்த ஏடு இருந்தது. அசைவூட்டக் கலைஞர் தம் வரைபடங்களோடு ஒரு நீண்ட தாளையும் சேர்த்துக் கொடுப்பார். எந்தப் பிரேமில் எந்த வரைபடம் வர வேண்டும், எந்த எழுத்தொலிக்கு வாய் எப்படி இருக்க வேண்டும், பின்னணி எவ்வளவு நகர வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். அதற்கு எக்ஸ்போஷர் ஷீட் என்று பெயர். கேமராக்காரர் அந்தத் தாளைப் பார்த்தே ஒவ்வொரு பிரேமையும் படம் பிடிப்பார். 1937இல் வெளிவந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படம் இப்படித் தாளையும் பென்சிலையும் நம்பித் தயாரானதுதான். நம் நாட்டில் ஃபிலெம் நெகாரா நிறுவனத்தில் ஆனந்தம் சேவியர் உருவாக்கிய ஹிகாயாட் சாங் கஞ்சில் என்ற சிறு படமும் கையால் வரையும் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1978இல் உருவான அப்படம் 1983இல் ஒளிபரப்பாயிற்று.

கணினி வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். வரைகின்ற கைக்கு எளிதாயிற்று. கணக்குக்குச் சிக்கல் கூடிற்று. காரணம் இதுதான். தாளில் வரைந்த படம் மேசைமேல் இருக்கும், கண்ணால் பார்க்கலாம். கணினிக் கோப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பத்துப் பிரதிகள் இருக்கலாம். எது புதியது, எது பழையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. மேலும், ஒரு பாத்திரத்தைக் கணினியில் ஒரு முறை உருவாக்கிவிட்டால் அதே பாத்திரம் நூறு ஷாட்களில் வரும். அதன் சட்டைப் பொத்தானை மாற்றினாலும் நூறு ஷாட்களையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் தனி மென்பொருள்கள் வந்தன. ஷாட்கன் என்பது அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2014இல் அதை வாங்கிற்று. 2021இல் ஷாட்கிரிட் என்றும், 2024இல் ஃப்ளோ புரொடக்ஷன் டிராக்கிங் என்றும் அதன் பெயர் மாறிற்று. சுவீடன் நாட்டில் பிறந்த எஃப்டிராக் இன்னொன்று. பிரான்சிலிருந்து வந்த கிட்சு என்பது மூல நிரல் திறந்திருக்கும் மென்பொருள். அதைச் சொந்தக் கணினியில் நிறுவிக் கொள்ள விலை கொடுக்க வேண்டியதில்லை. பெயர் எதுவானாலும் இவை செய்யும் காரியம் ஏறக்குறைய ஒன்றுதான். அதை நான்காகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர் சூட்டுவது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பெரும்பாலும் 10, 20, 30 என்று பத்துப் பத்தாக வைப்பார்கள். ஏன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைக்கக்கூடாது? இயக்குநர் பின்னால் வந்து, இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் இன்னொரு ஷாட் வேண்டும் என்பார். அப்போது அதற்கு 25 என்று எண் கொடுத்துவிடலாம். மற்ற எண்களைத் தொட வேண்டியதில்லை. மாற்றம் வரத்தான் போகிறது என்று முன்கூட்டியே அறிந்து இடம் விட்டு வைக்கும் முறை இது.

இரண்டாவது, நிலை சொல்வது. ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரு சொல் இருக்கும்: தொடங்கவில்லை, நடக்கிறது, பார்வைக்கு வந்திருக்கிறது, திருத்தம் வேண்டும், ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறம். திரையைத் திறந்தவுடன் 990 கட்டங்களும் நிறம் நிறமாகத் தெரியும். எந்த வரிசையில் சிவப்பு மிகுந்திருக்கிறதோ அங்கே வேலை தேங்கி நிற்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பதிப்பும் கருத்தும். கலைஞர் தம் வேலையை அனுப்பும்போதெல்லாம் பதிப்பு 1, பதிப்பு 2 என்று எண் ஏறும். இயக்குநர் படத்தை ஓட்டிப் பார்த்து, குறிப்பிட்ட பிரேமில் நிறுத்தி, அதன்மேலேயே கோடு போட்டு, "கை இன்னும் மேலே வரட்டும்" என்று எழுதலாம். வீடியோப் படம் எடுப்பவர்களுக்கும் இதே வசதியைத் தரும் மென்பொருள்கள் உண்டு. அடோபி நிறுவனம் 2021இல் வாங்கிய ஃபிரேம் டாட் ஐஓ அப்படிப்பட்டது. கோலாலம்பூரில் வெட்டித் தொகுக்கும் படத்தைப் பினாங்கில் இருக்கும் வாடிக்கையாளர் பார்த்து, இந்த வினாடியில் இந்தத் திருத்தம் என்று அங்கிருந்தே குறிக்கலாம். தொலைபேசியில், "அந்தப் பாட்டுக்குப் பிறகு வருமே, அந்த இடம்" என்று தடுமாற வேண்டியதில்லை.

நான்காவது, எது எதை நம்பி நிற்கிறது என்று காட்டுவது. எந்தப் பாத்திரம், எந்த வீடு, எந்த வாகனம் எந்தெந்த ஷாட்டில் வருகிறது என்ற பட்டியல் ஏட்டில் இருக்கும். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி மாறினால் 37 ஷாட்களைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஏடு உடனே சொல்லும். மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று இயக்குநர் விலை தெரிந்து முடிவு செய்யலாம்.

இந்த நான்காவது காரியத்திலிருந்துதான் கால அட்டவணை பிறக்கிறது. எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. தெருவிளக்கின் மாதிரி மூன்று நாள் தாமதமானால், அது வேண்டிய ஷாட் அடுத்த மாதம்தான் வரும் என்றால், யாருக்கும் நட்டமில்லை. கதாநாயகனின் உடலுக்குள் வைக்கும் எலும்புக்கூடு, ரிக் என்பார்கள், அது மூன்று நாள் தாமதமானால் அசைவூட்டுவோர் அத்தனை பேரும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் ஒளி அமைப்பவர்களும் காத்திருக்க வேண்டும். முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை இப்படி ஒன்றையொன்று பிடித்துக் கொண்டு நிற்கும் சங்கிலிகளில் மிக நீளமானது எதுவோ அதுதான் படம் முடியும் நாளை முடிவு செய்கிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொழிற்சாலைப் பணிகளுக்கும் ஏவுகணைத் திட்டத்துக்கும் வகுத்த கணக்கு முறை இது. இன்று கார்ட்டூன் படத்துக்கும் அதுவே துணை.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின், "ஏடு சரியில்லாவிட்டால் என்ன ஆகிவிடும், படம் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதானே" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

1995இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி என்ற படத்தை வெளியிட்டது. முழுக்க முழுக்கக் கணினியால் ஆன முதல் முழுநீளப் படம் அது. அதன் இரண்டாம் பாகம் தயாராகிக் கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், யாரோ தவறுதலாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கின. கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப் பிரதி இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது சரியாகவே பதிவாகியிருக்கவில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்பப் பொறுப்பாளர், குழந்தை பெற்றிருந்த காரணத்தால் வீட்டிலிருந்து வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றிக் காரில் வைத்து மெல்லக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் பிழைத்தது.

கதை இத்தோடு முடியவில்லை. அப்படிக் காப்பாற்றிய படத்தின் கதை நன்றாக இல்லை என்று பின்னர் முடிவாயிற்று. வெளியீட்டு நாளோ மாறாது. ஒன்பது மாதத்தில் பெரும்பகுதியைப் புதிதாகச் செய்து 1999 நவம்பரில் வெளியிட்டார்கள். படம் பெரும் வெற்றி. ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த எட் கேட்மல் பின்னாளில் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பணியாளரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, ஓய்வில்லாமல் ஒரே வேலையைச் செய்ததால் கையிலும் மணிக்கட்டிலும் ஏற்படும் நோய் வந்துவிட்டது. களைப்பின் மிகுதியால் ஒரு கலைஞர், பராமரிப்பு நிலையத்தில் விட வேண்டிய தம் கைக்குழந்தையைக் காரிலேயே மறந்து விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். வெயிலில் குழந்தை மயங்கிக் கிடந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக் கொண்டது.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பிரதி உண்மையிலேயே திறக்கிறதா என்று நாள்தோறும் சோதிக்க ஓர் ஒழுங்கு வேண்டும். இது முதல் பாடம். மென்பொருள் இதற்கு உதவும். இரண்டாவது பாடம் கடினமானது. ஒன்பது மாதத்தில் அடங்காத வேலையை எந்த மென்பொருளும் ஒன்பது மாதத்தில் அடக்கித் தராது. அடங்காது என்று முன்கூட்டியே எண்ணால் காட்டத்தான் அதனால் முடியும். இன்னும் 400 வேலை மீதம், வாரத்துக்கு 25 முடிகிறது, கையில் இருப்பது பத்து வாரம். இதைப் பார்க்கிற சிறு பிள்ளைக்கும் விடை தெரியும். அப்போது மூன்றே வழிகள்: ஷாட்களைக் குறைக்கலாம், நாளைத் தள்ளலாம், ஆட்களைச் சேர்க்கலாம். இம்மூன்றையும் செய்யாமல் "எப்படியாவது முடித்துவிடுங்கள்" என்றால், அந்த 'எப்படியாவது' என்பது தொழிலாளியின் இராத் தூக்கம்தான்.

பதினைந்து வாரம் இருக்கும்போதே இந்தக் கணக்குத் தெரிந்தால் மூன்று வழிகளும் திறந்திருக்கும். இரண்டு வாரம் இருக்கும்போது தெரிந்தால் எல்லாம் மூடியிருக்கும். ஏட்டின் பயன் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. கெட்ட செய்தியை அது சீக்கிரம் சொல்ல வேண்டும்.

ஆனால் ஏடு தானாகப் பேசாது; மனிதர் எழுதியதைத்தான் அது சொல்லும்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்குப் பிரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பொழுது புலருமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி; வராதவருக்கு ஒரு குறி. அந்த ஏட்டைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அது ஆளைக் கணக்கெடுத்த ஏடு. கூலியைப் பிடிக்கும் ஏடு. தயாரிப்பு மென்பொருளையும் இப்படிப்பட்ட பிரட்டு ஏடாக மாற்றிவிட முடியும். ஒரு ஷாட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒவ்வொருவரும் பதிவு செய்யும் பகுதி அதில் உண்டு. மூன்று நாள் ஆயிற்று என்று உண்மையை எழுதியவரை மேலாளர் கடிந்து கொள்கிறார். இரண்டு நாள் என்று குறைத்து எழுதியவரைப் பாராட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த வாரம் எல்லாருமே இரண்டு நாள் என்றுதான் எழுதுவார்கள். மூன்றாவது நாளை வீட்டில் இரவில் உழைத்து ஈடு செய்வார்கள். திரையில் எல்லாம் பச்சை நிறமாகத் தெரியும். அடுத்த படத்துக்கு விலை பேசும்போது அந்தப் பொய்க் கணக்கையே அடிப்படையாக வைத்துப் பேசுவார்கள். பொய் அப்படியே அடுத்த படத்துக்கும் தொடரும்.

விலை பேசுவது சிறிய விஷயமல்ல. 2012இல் வெளிவந்த லைஃப் ஆஃப் பை படத்தில் அந்தப் புலியை உருவாக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற நிறுவனம். நம் சைபர்ஜெயாவிலும் அதற்கு ஒரு கிளை இருந்தது. 2013 பிப்ரவரியில் அப்படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. விருது கிடைப்பதற்குச் சில நாட்கள் முன்னால், அதே மாதத்தில், அந்நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. அத்துறையில் பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு தொகை பேசிவிடுவது வழக்கம். பிறகு திருத்தத்தின்மேல் திருத்தம் வந்தால் செலவு வேலை செய்பவன் தலையில் விழும். ஆகவே, இந்த ஷாட் எத்தனை பதிப்புக் கண்டது, ஒவ்வொரு திருத்தமும் யார் சொல்லி எந்த நாளில் வந்தது என்ற பதிவு ஒரு சிறு கூடத்துக்குப் பெரிய பாதுகாப்பு. பத்தாவது திருத்தத்துக்குத் தனியாகப் பணம் கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

கல்லூரியிலோ வீட்டிலோ நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் செய்யும் இளைஞர்கள் இந்நாட்டில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். ஐந்து பேர், முப்பது ஷாட் என்றால் பெரிய மென்பொருள் தேவையில்லை. கணினியில் ஒரு சாதாரண அட்டவணை போதும். வரிசைக்கு ஒரு ஷாட், கட்டத்துக்கு ஒரு படி. நூறு ஷாட்டைத் தாண்டும்போது, அல்லது ஆட்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது, கிட்சு போன்ற ஒன்றை நாடலாம். நெதர்லாந்தில் இருக்கும் பிளெண்டர் ஸ்டூடியோ தன் குறும்படங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது.

எதைப் பயன்படுத்தினாலும், வேலையைத் தொடங்குமுன் எல்லாரும் சேர்ந்து ஒரு சொல்லுக்குப் பொருள் முடிவு செய்து கொள்ளுங்கள். அந்தச் சொல் 'முடிந்தது'. கலைஞர் கோப்பை மூடி வைத்தால் முடிந்ததா? இயக்குநர் பார்த்துச் சரியென்றால் முடிந்ததா? அடுத்த படியில் இருப்பவர் திறந்து பார்த்து, குறையில்லை என்று வாங்கிக் கொண்டால் முடிந்ததா? என் கருத்து, மூன்றாவதே சரி என்பதுதான். கொடுத்தவர் சொல்வதைவிட வாங்கியவர் சொல்வதே நம்பத் தக்கது. கோப்புக்கு 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள், எண் வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் காப்புப் பிரதியைத் திறந்து பார்த்து, அது ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "என்னால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது" என்று ஒருவர் திங்கட்கிழமையே எழுதினால், அவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் உங்கள் படத்துக்கு நான்கு நாள் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறார். அப்படி எழுத அஞ்சாத மனிதர்கள் இருக்கும் கூடத்தில்தான் எந்த மென்பொருளும் பயன் தரும். அடுத்த முறை பிள்ளைகளோடு அமர்ந்து கார்ட்டூன் பார்க்கும்போது, முடிவில் வேகமாக ஓடும் பெயர்ப் பட்டியலில் தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெயர் வரும். அந்தக் கணக்கேட்டை வைத்திருந்தவர் அவர்தான்.